ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயில் ஒழுகுகிறதா? எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடும் முன்

காலையில் காரை வெளியே எடுத்த பிறகு பார்த்தால், அது நின்ற இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பாக ஒரு பொட்டு. எங்கள் வீட்டில் இரண்டு வருஷத்துக்கு முன் அப்படித்தான் ஆரம்பித்தது. தொட்டுப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. அன்று மாலையே சர்வீஸ் சென்டருக்குப் போனேன். காரை ராம்ப்பில் ஏற்றினார்கள், இறக்கினார்கள், கம்ப்யூட்டரில் தட்டி ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். கியர்பாக்ஸ் ஓவரால், அதாவது முழுக்கப் பிரித்து உள்பாகங்களை மாற்றுவது, 1,42,000 ரூபாய். எட்டு வருஷக் கார் அது. அந்தத் தொகையைப் பார்த்ததும், பேசாமல் விற்றுவிடலாம் என்றே தோன்றியது.

கடைசியில் அதே கார் 9,400 ரூபாயில் சரியாகி இன்றும் ஓடுகிறது. 1,42,000-க்கும் 9,400-க்கும் நடுவில் நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல் தடவையாக ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களுக்கு இது உதவும்.

முதலில் அந்த ஆயில் உள்ளே என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். இது புரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

மேனுவல் கியர்பாக்ஸில் ஆயிலுக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான். பல்சக்கரங்கள் உரசித் தேயாமல் பார்த்துக்கொள்வது. ஆட்டோமேட்டிக்கில் அப்படி இல்லை. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் என்று ஒரு மூடிய உருண்டை இருக்கும், முழுக்க ஆயில் நிறைந்தது. பானையில் மோர் கடையும்போது உள்ளே ஒரு கரண்டி கிடந்தால், மத்து அதைத் தொடாமலே மோரோடு சேர்ந்து கரண்டியும் சுற்றும் இல்லையா? அதே மாதிரி, எஞ்சின் பக்கத்து இறக்கை ஆயிலைச் சுழற்ற, ஆயில் கியர் பக்கத்து இறக்கையைச் சுழற்றுகிறது. சிக்னலில் கார் நிற்கும்போது எஞ்சின் அணையாமல் ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான்.

அதோடு முடியவில்லை. கியர்பாக்ஸ் பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு பம்ப் இருக்கிறது. எஞ்சின் ஓடினால் பம்ப்பும் ஓடும். ஆயில் தேங்கி நிற்கும் அடித்தட்டிலிருந்து அதை உறிஞ்சி, வால்வ் பாடி என்ற பாகத்துக்குள் அழுத்தத்தோடு தள்ளும். அங்கிருந்து எந்தப் பாதையில் ஆயில் போகிறதோ, அந்தப் பாதையில் உள்ள கிளட்ச் தட்டுகள் இறுகிப் பிடித்து அதற்கான கியர் விழும். ஜேசிபியின் கை மேலும் கீழும் போவது ஆயில் அழுத்தத்தால்தானே? இங்கே கியர் மாற்றும் கையும் அதே அழுத்தம்தான். பெட்டியின் சூட்டை எடுத்துக்கொண்டு கூலர் வரை போய் ஆறித் திரும்புவதும் இதே ஆயில்.

ஆகவே ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்ச ஆரம்பிக்கும். அழுத்தம் குறையும். தட்டுகள் இறுகாமல் வழுக்கும். வழுக்கினால் சூடாகும், சூடானால் கருகும். மேனுவல் காரில் சின்ன ஒழுக்கோடு நாலு மாசம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். ஆட்டோமேட்டிக்கில் அந்தத் தைரியம் வேண்டாம். இன்னொரு விஷயமும் மனதில் இருக்கட்டும். எஞ்சின் ஆயில் கொஞ்சம் எரிந்து குறையலாம், கியர்பாக்ஸ் ஆயில் எரிந்து குறையாது. அளவு குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் காரில் இருப்பது எந்த வகை?

நம் ஊரில் கிளட்ச் பெடல் இல்லாத கார் எல்லாவற்றையும் ஆட்டோமேட்டிக் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். பழுது என்று வரும்போது இந்த வித்தியாசம் முக்கியம். 2014-இல் மாருதி செலேரியோவில் வந்து பரவலான ஏஎம்டி, உள்ளே சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் ஒரு கருவி நமக்காகச் செய்கிறது. நான் மேலே சொன்ன டார்க் கன்வெர்ட்டர் அதில் கிடையாது. சிவிடியில் பல்சக்கரங்களுக்குப் பதில் இரண்டு கூம்புக் கப்பிகளும் ஒரு இரும்பு பெல்ட்டும் இருக்கும், அதற்குத் தனி ஆயில். இரட்டை கிளட்ச் கொண்ட டிசிடியில் சில பெட்டிகளுக்கு இரண்டு விதமான ஆயில், இரண்டு தனித்தனி அறைகளில். காரின் கையேட்டில் எந்த வகை, எந்த ஆயில் என்று இருக்கும். அந்தப் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப் போங்கள். இங்கே நான் சொல்வதில் பெரும்பகுதி டார்க் கன்வெர்ட்டர் வகைக்கும், ஓரளவு சிவிடிக்கும் பொருந்தும்.

சரி, தரையில் இருப்பது கியர்பாக்ஸ் ஆயில்தானா?

ஏசி போட்டு வந்து நிறுத்தினால் சொட்டுவது வெறும் தண்ணீர், அதை விட்டுவிடலாம். கருப்பாகவோ தேன் நிறத்திலோ இருந்தால் பெரும்பாலும் எஞ்சின் ஆயில். பச்சை, ரோஸ், ஆரஞ்சு, நீலம் என்று பல நிறத்தில் வருவது கூலன்ட். அது தண்ணீர் மாதிரி இருக்கும், லேசாக இனிப்பு வாடை அடிக்கும். சக்கரத்துக்கு உள்பக்கமாக, நிறம் அவ்வளவாக இல்லாமல் வழவழப்பாக ஏதாவது தெரிந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம், உடனே காட்ட வேண்டும். ஆட்டோமேட்டிக் ஆயில் புதிதாக இருக்கும்போது பெரும்பாலும் நல்ல சிவப்பு. மற்ற ஆயிலிலிருந்து பிரித்துத் தெரிவதற்காகவே சாயம் கலக்கிறார்கள். ஓட ஓடப் பழுப்பாகும். பச்சையாகவோ நீலமாகவோ வரும் சிவிடி ஆயிலும் உண்டு. பழைய கார்களில் பவர் ஸ்டீயரிங்கிலும் இதே சிவப்பு ஆயிலை ஊற்றியிருப்பார்கள். அதனால் சிவப்பைப் பார்த்த உடனே கியர்பாக்ஸ் என்று முடிவு கட்ட முடியாது.

ராத்திரி காரை நிறுத்தும்போது, முன்பக்கம் முழுவதையும் மறைக்கிற மாதிரி நாலைந்து நியூஸ்பேப்பரையோ ஒரு பெரிய அட்டையையோ அடியில் விரித்துவிடுங்கள். முன் சக்கரங்கள் இருக்கும் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் காரை எடுத்ததும் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது, என்ன நிறம், எத்தனை என்று பளிச்சென்று தெரியும். அந்தப் பேப்பரையே படம் எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் காட்டலாம். செலவில்லாத வேலை, ஆனால் இதைச் செய்துவிட்டுப் போகிறவருக்கு ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் பதிலே வேறு.

அளவையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏறக்குறைய 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. ராத்திரிக்குப் பத்துச் சொட்டு என்றால் அரை மில்லி, மாசத்துக்கு 15 மில்லி. பல பெட்டிகளில் மொத்த ஆயில் 6 முதல் 8 லிட்டர் வரை இருக்கும். அந்தக் கணக்கில் இது பதறுகிற அளவு இல்லை, விசாரித்து நிதானமாக முடிவெடுக்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. இது நிற்கும்போது விழுகிற அளவு மட்டும்தான். கூலர் ஹோஸில் ஓட்டை என்றால், எஞ்சின் ஓடும்போது அழுத்தத்தில் பீய்ச்சி அடித்து, நிறுத்தியதும் நின்றுவிடும். தரையில் இரண்டே சொட்டுதான் இருக்கும், வண்டியின் அடிப்பாகம் முழுக்க நனைந்திருக்கும். அதனால் அடியிலும் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை விடாதீர்கள். ராம்ப் இருக்கிற இடத்தில் ஏற்றச் சொல்லிப் பாருங்கள்.

இனி நம் பணம் எவ்வளவு போகும் என்பதைத் தீர்மானிக்கிற கேள்வி. ஆயில் எந்த இடத்திலிருந்து வருகிறது?

ஒழுகும் ஆயில் எவ்வளவு என்பதைப் பொறுத்துச் செலவு வருவதில்லை. ஒழுகும் இடத்தைப் பொறுத்துத்தான் வருகிறது. அடித்தட்டின் கேஸ்கெட் (இணைப்பில் ஆயில் கசியாமல் வைக்கும் அடைப்பு), ஆயிலை வடிக்கத் திறக்கும் ட்ரெயின் போல்ட்டின் வாஷர், சென்சாரின் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம், கூலருக்குப் போகும் ஹோஸ் எல்லாம் பெட்டி காரிலேயே இருக்கும்போது மாற்றக்கூடியவை. ஓரிரு மணி நேர வேலை. அடுத்தது ஆக்சில் ஆயில் சீல். முன் சக்கரத்துக்குப் போகும் தண்டு பெட்டியிலிருந்து வெளியே வரும் இடத்தில், உள்ளே இருக்கும் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம் அது. சக்கரத்தைக் கழற்றி, தண்டை உருவி, பழையதை எடுத்துப் புதியதை அடிக்க வேண்டும். அரை நாள் பிடிக்கும்.

கையைக் கடிப்பது முன் சீல். டார்க் கன்வெர்ட்டரும் பம்ப்பும் சேரும் இடத்தில் இருக்கிறது. சீலின் விலை சில நூறு ரூபாயாகத்தான் இருக்கும். ஆனால் அதைத் தொட வேண்டுமென்றால் பெட்டியையே இறக்க வேண்டும். ஆக்சில்கள், மவுண்ட்கள், வயரிங், சில கார்களில் அடியில் இருக்கும் சப்ஃப்ரேம் எல்லாம் கழன்ற பிறகுதான் பெட்டி இறங்கும். ஒன்றிரண்டு நாள் இரண்டு பேருக்கு வேலை. இங்கே எஸ்டிமேட்டில் பெரிய எண் வந்தால் அது பாகத்தின் விலை இல்லை, கூலி. ஒருவேளை உங்கள் காருக்கு இதுதான் நிலைமை என்றால், எஞ்சினின் பின் ஆயில் சீலையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். அதுவும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆறு மாசம் கழித்து அது ஒழுகினால் இதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். அதுவுமில்லாமல், எஞ்சினும் பெட்டியும் சேரும் இடத்தில் சொட்டுவது இந்தச் சீலின் எஞ்சின் ஆயிலாகவும் இருக்கலாம். நிறத்தைப் பார்த்துப் பிரிக்காமல் கியர்பாக்ஸ் மேல் பழி போடுவது நடக்கிற விஷயம்தான்.

எங்கள் காரில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த 1,42,000 ரூபாய்த் தாளோடு, ஆட்டோமேட்டிக் பெட்டி மட்டுமே பார்க்கிற ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அந்த மெக்கானிக் தாளை வாங்கி ஓரமாக வைத்தார். "சார், மொதல்ல கழுவுவோம்" என்றார். பெட்டியின் அடிப்பாகம் முழுக்க ஆயிலும் மண்ணும் அப்பிக் கருப்பாக இருந்தது. டீசல் பிரஷ் போட்டுக் கழுவி, காற்று அடித்துக் காய வைத்து, முகத்துக்குப் போடுகிற பவுடரை டப்பாவோடு எடுத்து இணைப்புகள் எல்லாவற்றிலும் தட்டினார். பெட்டி வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. "ஒரு இருபது நிமிஷம் ஓட்டிட்டு வாங்க சார்." வந்து மறுபடி ஏற்றினோம். மற்ற இடமெல்லாம் பவுடர் அப்படியே இருந்தது. இடது பக்க ஆக்சில் வெளியே வரும் இடத்தில் மட்டும் பிறை மாதிரி ஒரு ரோஸ் கோடு, அதன் நுனியில் ஒரு சொட்டு. "அண்ணே, அப்போ ஓவரால்?" என்று கேட்டேன். "கியர் நல்லா விழுது, வழுக்கல் இல்ல, கருகல் வாடை இல்ல. எதுக்கு சார் பெட்டியத் தொறக்கணும்?" என்றார்.

அவர் கேட்ட அந்தக் கேள்வியை நீங்களும் கேட்க வேண்டும். ஒழுக்கு வேறு, உள் பழுது வேறு. பெட்டியைத் திறந்து கிளட்ச் தட்டுகளை மாற்ற வேண்டும் என்றால் அதற்குத் தனி அறிகுறிகள் இருக்க வேண்டும். 'டி'-யில் போட்ட பிறகு ஓரிரு நொடி யோசித்துவிட்டுக் கார் நகர்வது, ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருப்பது, கியர் மாறும்போது உதறல் அல்லது அடி, கருகல் வாடையோடு கருத்த ஆயில், அடித்தட்டைக் கழற்றினால் பளபளவென்று உலோகத் துணுக்குகள். அடித்தட்டில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். அதைக் காட்டிப் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். முதல் இரண்டு அறிகுறிகள் ஆயில் குறைந்தாலும் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அளவைச் சரி செய்து பார்க்காமல் ஓவரால் என்று முடிவு செய்வது அவசரம்.

பெரிய சர்வீஸ் சென்டர் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பல இடங்களில் பெட்டியைப் பிரித்து வேலை பார்க்கும் வழக்கமே இல்லை. அசெம்ப்ளியாக, அதாவது முழுப் பெட்டியாகவே மாற்றுவதுதான் அவர்களுக்குத் தெரிந்த வழி. செய்த வேலைக்கு வாரன்டியும் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் பெரிதாகவே போட்டுவிடுகிறார்கள். வாரன்டி இருக்கிற காராக இருந்தால் அங்கேதான் போக வேண்டும், வெளியே கை வைக்க விட்டால் அந்த வாரன்டியை வைத்தே பிரச்சினை வரும். வாரன்டி முடிந்த கார் என்றால், குறைந்தது இரண்டு இடத்தில் கேளுங்கள். அதில் ஒன்று ஆட்டோமேட்டிக் பெட்டியைத் தினமும் திறந்து பார்க்கிற இடமாக இருக்கட்டும்.

போன இடத்தில் "எங்கே ஒழுகுது, காட்டுங்க" என்று சொல்லி, காட்டும்போது படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாகம், ஆயில், கூலி மூன்றும் தனித்தனியாக எழுதிய எஸ்டிமேட் வேண்டும். ஆயில் என்றால் என்ன ஆயில், எத்தனை லிட்டர் என்றும் எழுதச் சொல்லுங்கள். அடியில் திறந்து வடித்தால் மொத்தத்தில் பாதி அளவுதான் வெளியே வரும், மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள்ளேயே நிற்கும். மூன்றரை லிட்டர் வடிகிற வேலைக்கு எட்டு லிட்டர் பில் போட்டிருந்தால் ஏன் என்று கேட்கலாம். மிஷின் வைத்து முழுக்க மாற்றினோம் என்றால் அந்தக் கணக்கு சரி. செய்யாத வேலைக்குப் பணம் வாங்கினார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம். அப்போது எழுத்தில் இருக்கும் எஸ்டிமேட்டும் படமும்தான் பேசும்.

பழைய கார் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழைய பெட்டி ஒன்று வாங்கி மாட்டிவிடலாம் என்றும் யோசனை வரும். பெட்டி உள்ளே முழுக்க நாசமாகி, புதியதன் விலை காரின் விலையைத் தொடும்போது மட்டும் அதை யோசிக்கலாம். ஒரு சீல் ஒழுகுவதற்காக, எப்படி ஓடியது என்று தெரியாத பெட்டியை வாங்கி மாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பெட்டியின் சீல்களுக்கும் வயசாகியிருக்குமே.

ஆயில் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சிவப்பாக இருக்கிறது என்பதால் எல்லாம் ஒன்றாகிவிடாது. தட்டுகள் எந்த அளவு பிடிக்க வேண்டும், எந்த அளவு மெதுவாகப் பிடிக்க வேண்டும் என்பதை ஆயிலில் இருக்கும் கலவைதான் முடிவு செய்கிறது. அமெரிக்காவில் 1970-களின் தொடக்கம் வரை இதற்காகத் திமிங்கில எண்ணெய் கலந்தார்கள். திமிங்கிலப் பாதுகாப்புச் சட்டங்கள் வந்து அது நின்றபோது, மாற்றுக் கலவை கண்டுபிடிக்கவே சிரமப்பட்டார்கள். அவ்வளவு நுணுக்கமான விஷயம் அது. கையேட்டில் எஸ்பி 4 என்றோ, டிடபிள்யூ 1 என்றோ, டபிள்யூஎஸ் என்றோ போட்டிருந்தால் அந்தத் தரம்தான் ஊற்ற வேண்டும். சிவிடியில் சாதாரண ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றினால் பெல்ட் வழுக்கிப் பெட்டியே போய்விடும்.

ஒழுக்கை நிறுத்துகிற மருந்து என்று பாட்டில் விற்கிறார்கள். காய்ந்து சுருங்கிய ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. கிழிந்த கேஸ்கெட்டையோ வெடித்த ஹோஸையோ அது ஒட்டாது. எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் அதை ஊற்றுவதை நான் செய்ய மாட்டேன்.

அளவு பார்க்கும் முறையும் காருக்குக் கார் வேறு. டிப்ஸ்டிக் இருக்கும் பெட்டிகளில் பலவற்றில் ஆயில் சூடான பிறகு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே 'பி'-யில் வைத்துப் பார்க்க வேண்டும். சிலவற்றில் எஞ்சினை நிறுத்தியவுடன் பார்க்க வேண்டும். புதிய பெட்டிகள் பலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது. ஸ்கேனரில் ஆயிலின் சூட்டைப் பார்த்து, குறிப்பிட்ட டிகிரியில் பக்கவாட்டு போல்ட்டைத் திறந்து, வழிந்து நிற்கும் அளவுதான் சரியான அளவு. அதிகமாக ஊற்றினாலும் கெடுதல், நுரை கட்டி அழுத்தம் குறையும். வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று சொல்லி விற்கப்பட்ட பெட்டிகளும் இருக்கின்றன. ஆனால் பல கார் கம்பெனிகளுக்குப் பெட்டி செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு வருஷத்துக்குள் மாற்றச் சொல்கிறது.

சில நிலைமைகளில் ஓட்டவே கூடாது. கார் வழுக்க ஆரம்பித்துவிட்டால், தரையில் சொட்டாக இல்லாமல் குட்டையாகத் தேங்கியிருந்தால், கூலன்ட் டப்பாவுக்குள் ரோஸ்மில்க் மாதிரி ஏதாவது தெரிந்தால், சாவியை எடுத்துவிடுங்கள். அந்த ரோஸ்மில்க், ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து ஆயிலும் தண்ணீரும் கலந்துவிட்டதன் அடையாளம். தண்ணீர் பட்டால் கிளட்ச் தட்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் பூச்சு உரிந்துவிடும். மேலும் ஒரு மீட்டர் ஓட்டினாலும் நஷ்டம்தான். கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. எஞ்சின் ஓடாதபோது பம்ப் ஓடாது, சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே ஆயில் இல்லாமலே பாகங்கள் உரசும். முழுக் காரையும் தூக்கி வைக்கிற தட்டு லாரியைக் கூப்பிடுங்கள்.

இன்சூரன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. சீல் காய்ந்து ஒழுகுவது தேய்மானம், பாலிசியில் கிடைக்காது. ஸ்பீட் பிரேக்கரிலோ கல்லிலோ அடித்தட்டு இடித்து உடைந்தால் அது விபத்துச் சேதம், க்ளெய்ம் கேட்கலாம். ஆனால் இடித்த பிறகும் ஓட்டிக்கொண்டே வந்து, ஆயில் இல்லாமல் பெட்டி கருகினால், அந்தப் பின்விளைவுக்குச் சாதாரண பாலிசியில் கொடுக்க மாட்டார்கள். எஞ்சின் ப்ரொடெக்ட் என்று தனியாகப் பணம் கட்டி எடுக்கும் சேர்க்கையில் பல கம்பெனிகள் கியர்பாக்ஸையும் சேர்த்திருக்கின்றன. உங்கள் பாலிசியில் கியர்பாக்ஸ் என்ற வார்த்தை இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இடித்தால் அந்த இடத்திலேயே நிறுத்திப் படம் எடுத்துவிட்டு, அப்புறம் லாரிக்கு ஃபோன் செய்யுங்கள்.

எங்கள் கார் மறுநாள் மாலை கைக்கு வந்தது. கழற்றிய பழைய சீலைக் கேட்டு வாங்கினேன், நீங்களும் கேட்டு வாங்குங்கள். ரப்பர் என்று சொல்லவே முடியாது. நகத்தால் அழுத்தினால் குழியவில்லை, உள் ஓரத்தில் ஒரு இடத்தில் மெல்லிய வெடிப்பு. 1,42,000 ரூபாய் எஸ்டிமேட் வரை கொண்டுபோய் விட்டது அந்த வெடிப்புதான். வீட்டுக்கு வந்து அடுத்த ஒரு வாரம் ராத்திரி ராத்திரி பேப்பரை விரித்தேன், ஒரு பொட்டும் இல்லை. 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி அந்த ஒர்க்‌ஷாப்புக்கே போய் ராம்ப்பில் ஏற்றிப் பார்த்தோம். இடது ஆக்சில் பக்கம் காய்ந்திருந்தது. மெக்கானிக் துணியால் ஒரு தடவை துடைத்து, துணியை என்னிடம் நீட்டிக் காட்டினார். அதில் வெறும் தூசிதான் இருந்தது.